லீகல் எயிட் உண்டு, லோயர் இல்லை: பிரித்தானியாவில் தஞ்சம் கோருபவருக்கான இலவச சட்ட உதவி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தஞ்சம் கோரும் ஒருவர் அரசாங்கச் செலவில் ஒரு சட்டத்தரணியை வைத்துக்கொள்ளலாம். கையில் காசில்லை, வழக்கில் பொருள் இருக்கிறது என்று காட்டினால் போதும். 2013 ஏப்ரலில் லீகல் எயிட்டைப் பெரிய கத்தியால் வெட்டியபோதுகூட இந்த உரிமையில் கை வைக்கவில்லை. இப்போதும் அது சட்டப் புத்தகத்தில் பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் ஏதோ ஓர் ஊரில், ஹோம் ஆபிஸ் (உள்துறை அமைச்சு) கொண்டுபோய் விட்ட ஹோட்டல் அறையில் இருந்துகொண்டு, பட்டியலில் உள்ள அலுவலகங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் அடிப்பவரிடம் கேட்டால் கதை வேறு. "இப்போதைக்குப் புதுக் கேஸ் எடுப்பதில்லை" என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கேட்கும் பதில்.

இது எப்படி நடக்கிறது? உரிமையை யாரும் பறிக்கவில்லை. அந்த உரிமைக்காக வேலை செய்பவருக்குக் கொடுக்கும் கூலியை மட்டும் வருடக்கணக்கில் தொடாமல் விட்டார்கள். வேலை செய்தால் நட்டம் என்று ஆனதும், வேலை செய்பவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். மிச்சக் கதையெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நீதி அமைச்சின் கீழ் லீகல் எயிட் ஏஜென்சி என்று ஒன்று இருக்கிறது. அது சொலிசிட்டர் நிறுவனங்களோடும் சில தொண்டு அமைப்புகளோடும் ஒப்பந்தம் போடுகிறது. ஒப்பந்தம் உள்ள இடம் மட்டுமே லீகல் எயிட்டில் கேஸ் எடுக்க முடியும். அங்கே வேலை செய்பவரும் குடிவரவு, தஞ்சம் ஆகிய துறைகளுக்கென்று சட்டச் சங்கம் நடத்தும் தனித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஆக, கடைத்தெருவில் தமிழில் பெயர்ப்பலகை தொங்குகிறது என்பதற்காக அங்கே லீகல் எயிட் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. காசு வாங்கி மட்டுமே கேஸ் நடத்தும் அலுவலகங்கள் நிறைய. முதல் போனிலேயே "லீகல் எயிட் கொன்ட்ராக்ட் இருக்கிறதா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

வருமானச் சோதனை தஞ்சம் கோருபவருக்குப் பெரிய தடையாக இருப்பதில்லை. ஹோம் ஆபிஸின் தஞ்ச உதவியில் இருப்பவர் தாமாகவே தேறிவிடுவார். சாப்பாடு கொடுக்கும் ஹோட்டலில் இருப்பவருக்கு வாரத்துக்குப் பத்து பவுணுக்கும் குறைவாகத்தான் கையில் வருகிறது. அவரிடம் வருமானக் கணக்குக் கேட்பதில் அர்த்தமும் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் இருப்பவர்களுக்கும், வேறு விசாவில் வேலை செய்பவர்களுக்கும்தான் கணக்கு உதைக்கும். மாத மொத்த வருமானம் 2,657 பவுணைத் தாண்டினால் கதவு மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே இருந்தாலும், செலவுகளைக் கழித்தபின் 733 பவுணுக்கு மேல் மிஞ்சக் கூடாது.

இனி கூலிக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதல் கட்டத்துக்கு, அதாவது தஞ்சம் கேட்ட நாளிலிருந்து ஹோம் ஆபிஸ் முடிவு சொல்லும் வரைக்கும் சேர்த்து, சட்டத்தரணிக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவந்த நிலையான தொகை 413 பவுண். மணிக்கணக்காகப் பார்த்தால் ஏறத்தாழ ஐம்பது பவுண். எனவே அந்தத் தொகை எட்டு மணித்தியாலத்துக்குத்தான் காணும். அந்த எட்டு மணித்தியாலத்தில் செய்ய வேண்டியவற்றைப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு முதல் சந்திப்பு. ஹோம் ஆபிஸ் அனுப்பும் ஆரம்பக் கேள்விக்கொத்தை நிரப்புவது. ஆளுடைய முழுக் கதையையும் கேட்டு, தேதிகளைச் சரிபார்த்து, வாக்குமூலமாக எழுதி, திரும்ப அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டித் திருத்துவது. ஊரிலிருந்து கடிதங்கள், பொலிஸ் பதிவுகள், மருத்துவத் துண்டுகள் எடுப்பிப்பது. இன்டர்வியூவுக்கு ஆயத்தப்படுத்துவது. அது முடிந்ததும் பதிவைப் படித்து, பிழையாக எழுதப்பட்டதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் போடுவது. மொழிபெயர்ப்பு வழியாகப் பேசும்போது எல்லாமே இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். சித்திரவதைக்குள்ளான ஒருவர் முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. பாலியல் வன்முறை பற்றிச் சொல்ல மூன்றாவது நான்காவது சந்திப்பு வரை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்களும் இதில் அடக்கம்.

வேலை கூடினால் கூடுதல் காசு கிடையாதா? கிடைக்கும், ஆனால் அதற்கு ஒரு வாசல்படி வைத்திருக்கிறார்கள். செய்த வேலையின் மணிக்கணக்குப் பெறுமதி நிலையான தொகையின் மூன்று மடங்கைத் தொட்டால்தான் முழு மணிக்கணக்கையும் கேட்கலாம் என்பது பழைய விதி. பின்னர் அதை இரண்டு மடங்காக இறக்கினார்கள். அந்தப் படியைத் தொடாவிட்டால் உபரி வேலை இனாம்தான். பதினைந்து மணித்தியாலம் உழைத்த ஒருவர் ஏழு மணித்தியாலத்தைச் சும்மா கொடுத்திருக்கிறார் என்று பொருள். ஆறு மணித்தியாலத்தில் அரைகுறையாக முடித்துத் தள்ளியவருக்கோ லாபம். கவனமாக வேலை செய்பவரைத் தண்டித்து, அவசரக்காரருக்குப் பரிசு கொடுக்கும் இந்த ஏற்பாட்டை யாராவது திட்டமிட்டுச் செய்தார்களா என்று தெரியவில்லை. திட்டமிட்டிருந்தாலும் இதைவிடத் திறமாகச் செய்திருக்க முடியாது. சட்டத்தரணியாக இருந்து ஆய்வாளரான ஜோ வைல்டிங் இந்தக் கணக்கைத்தான் 2019இலிருந்து விரிவாக எழுதிவருகிறார். தரமாக வேலை செய்யும் அமைப்புகள் ஒவ்வொரு லீகல் எயிட் தஞ்சக் கேஸிலும் காசை இழக்கின்றன. வேறு எங்கிருந்தாவது வரும் நன்கொடையாலோ தனியார் கட்டணத்தாலோதான் அந்த ஓட்டையை அடைக்கின்றன. ஆகவே எத்தனை கேஸ் எடுக்கலாம் என்பதை வெளியே நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. எவ்வளவு நட்டத்தைத் தாங்கலாம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

அந்த மணிக்கூலி 1996க்குப் பிறகு 2025 வரை உயரவே இல்லை. உயராதது மட்டுமல்ல, 2011 ஒக்டோபரில் பத்து சதவீதம் குறைத்தார்கள். அதே காலத்தில் கடை விலைவாசி ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது.

இதன் முதற்பலி வெட்டுக்கு முன்பே விழுந்துவிட்டது. 2007இல் நிலையான தொகை முறை வந்தபோது இன்னொரு விதியும் கூட வந்தது: கேஸ் முடிந்த பிறகுதான் காசு. ஹோம் ஆபிஸ் முடிவு சொல்ல இரண்டு வருடம் எடுத்தால் இரண்டு வருடத்துக்குச் சம்பளத்தையும் வாடகையையும் அமைப்பே போட்டுத் தாங்க வேண்டும். அகதிகளுக்கான மிகப் பெரிய சட்ட உதவி அமைப்பாக இருந்த ரெஃபியூஜி அண்ட் மைக்ரன்ட் ஜஸ்டிஸ் 2010 ஜூனில் இழுத்து மூடப்பட்டது. ஏறத்தாழ 10,000 பேருடைய கோப்புகள் ஒரே நாளில் அநாதையாயின. அடுத்த வருடம் ஜூலையில் இமிக்ரேஷன் அட்வைஸரி சேர்விஸும் விழுந்தது. இரண்டிலும் இருந்த அனுபவசாலிகள் பலர் துறையையே விட்டுப் போனார்கள். பத்து வருட அனுபவமுள்ள தஞ்சச் சட்டத்தரணியை ஒரு புதிய ஒப்பந்தத்தால் மறுநாளே உருவாக்கிவிட முடியாது.

ஒப்பந்தம் இருக்கிறது என்பதும் ஆள் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அரசாங்கம் கணக்குக் காட்டும்போது ஒப்பந்தம் பெற்ற அலுவலகங்களை எண்ணும். அவற்றில் சில வருடம் முழுவதும் புதுக் கேஸே எடுத்திருக்காது. சிலவற்றில் தகுதியுள்ள ஒரே ஆள் பிரசவ விடுப்பில் போயிருப்பார். கோர்ன்வோல், டெவன் போன்ற தென்மேற்குப் பகுதிகளிலும் கிழக்கு இங்கிலாந்திலும் பல மாவட்டங்களில் ஆளே இல்லை. ஆனால் 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, தஞ்சச் சட்டத்துக்குப் பிறகு, தஞ்சம் கோருபவர்களை லண்டனுக்கு வெளியே பரவலாகக் குடியமர்த்துவது அரசாங்கத்தின் கொள்கை. 2022 முதல் எல்லா உள்ளூராட்சிப் பகுதிகளும் இதில் பங்கெடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஆளை அனுப்பும் ஹோம் ஆபிஸும் சட்டத்தரணிக்கு ஒப்பந்தம் போடும் நீதி அமைச்சும் ஒரே வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அண்மைய வருடங்களில், தஞ்சம் கேட்டவர்களிலும் அப்பீல் போட்டவர்களிலும் பாதிக்கும் மேற்பட்டோருக்கு லீகல் எயிட் சட்டத்தரணி கிடைக்கவில்லை என்பதே வைல்டிங்கின் கணக்கு.

சட்டத்தரணி இல்லாவிட்டால் என்ன, உண்மையை உள்ளபடி சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. இதற்குத் தமிழருடைய வழக்குகளே நல்ல பதில். பிரித்தானியத் தஞ்சச் சட்டத்தின் பல திருப்பங்கள் இலங்கைத் தமிழர் பெயரிலேயே பதிவாகியிருக்கின்றன.

1987 பெப்ரவரியில், திருப்பி அனுப்புவதற்காக விமானத்தை நோக்கிக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஹீத்ரோவில் உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று மறுத்தார்கள். படங்கள் பத்திரிகைகளில் வந்தன. சட்டத்தரணிகள் ஓடிப்போய் நீதிமன்றத் தடை வாங்கினார்கள். அரசாங்கம் அதற்குச் செய்த கைமாறு, உரிய ஆவணம் இல்லாமல் ஏற்றி வரும் ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனத்துக்கு 1,000 பவுண் அபராதம் என்று அதே வருடத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்ததுதான். சிவகுமாரன் வழக்கு என்று இன்றைக்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கும் அந்த வருடத்ததே. ஆறு தமிழர்கள், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்று, 1987 டிசம்பரில், அக்காலத்தில் நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் தோற்றார்கள். அவர்களில் ஐந்து பேரை 1988 பெப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பினார்கள். அக்காலத்தில் நாட்டைவிட்டு வெளியே போன பிறகுதான் அப்பீல் செய்யலாம். அந்த ஐந்து பேரும் இலங்கையில் இருந்தபடியே லண்டனில் அப்பீல் நடத்தி 1989இல் வென்று, திரும்பி வந்தார்கள். சட்டத்தரணிகள் இல்லாமல் இந்தக் கதையில் முதல் பாதிகூட நடந்திருக்காது.

தோற்ற அந்த வழக்கில்தான் பிரபுக்கள் சபை அளவுகோலையும் வகுத்தது. துன்புறுத்தப்படுவதற்கு "நியாயமான அளவு சாத்தியம்" இருந்தால் போதும். சாதாரண சிவில் வழக்கைப் போல் ஐம்பது சதவீதத்துக்கு மேல் சாத்தியம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. முப்பத்தைந்து வருடங்களாக உலகின் எந்த மூலையிலிருந்து வந்தவருக்கும் இங்கே கைகொடுத்தது இந்த அளவுகோல். 2022ஆம் ஆண்டுக் குடியுரிமை, எல்லைகள் சட்டம் இதை இரண்டாகப் பிளந்தது. 2022 ஜூன் 28இலோ அதற்குப் பின்போ தஞ்சம் கேட்டவர், தான் யார், எதற்கு உண்மையில் அஞ்சுகிறார் என்பதை ஐம்பது சதவீதத்துக்கு மேல் என்ற கடினமான அளவில் நிறுவ வேண்டும். பழைய இளகிய அளவுகோல் அடுத்த படிக்கு மட்டுமே. சாட்சியத்தின் சுமையைக் கூட்டியபோது, சாட்சியம் திரட்டித் தரும் ஆட்களின் தொகை குறைந்துகொண்டிருந்தது.

இன்றைய தமிழ் வழக்குகளில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. போர் முடிந்த பிறகு 2013இல், தஞ்ச அப்பீல்களைக் கேட்கும் மேல் தீர்ப்பாயம் கொடுத்த ஜி.ஜே. என்ற வழிகாட்டித் தீர்ப்பு யாருக்கு ஆபத்து என்பதை மாற்றி வரைந்தது. முன்பு விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தார் என்பது மட்டும் இப்போது போதாது. இலங்கை அரசின் பார்வையில் இன்றைக்கும் தனிநாட்டுக் கோரிக்கையை உயிர்ப்பிக்க முனைபவராகத் தெரிகிறாரா, விமான நிலையத்தில் நிறுத்தும் பட்டியலில் பெயர் இருக்கிறதா, பிடியாணை இருக்கிறதா என்பவைதான் கேள்விகள். 2021இல் வந்த கே.கே. மற்றும் ஆர்.எஸ். தீர்ப்பு, புலம்பெயர் அரசியலில் ஒருவருடைய பங்கு "குறிப்பிடத்தக்கதா" என்பதை எப்படி எடைபோடுவது என்று விரிவாகச் சொல்லிற்று: எந்த அமைப்பு, அது இலங்கையில் தடைசெய்யப்பட்டதா, என்ன வேலை, எவ்வளவு காலம், சமூக ஊடகத்தில் என்ன போட்டார், ஊரில் உள்ள குடும்பத்தின் பின்னணி என்ன.

அசைலம் அடிக்க, அதாவது தஞ்சம் கேட்க, வந்த ஒருவருக்கு இது எப்படித் தெரியும்? அவர் மனதில் இருப்பது போர் முடிந்த 2009. வட்டுவாகல், முகாம், இழந்த அண்ணன். இன்டர்வியூவில் மூன்று மணித்தியாலமும் அதைப் பற்றியே சொல்வார். அது உண்மை, ஆனால் கேஸ் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் வேறு இடத்தில். அவர் வாராவாரம் போகும் போராட்டத்தின் படங்கள், ஊரில் தாயை சி.ஐ.டி. வந்து விசாரித்த தேதி, எடுப்பிக்கக்கூடிய பிடியாணையின் பிரதி ஆகியவை அவருக்கு அற்பமாகத் தெரியலாம். எது தேவை என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். இல்லாததைச் சேர்க்க அல்ல, இருப்பதில் எதைச் சொல்லாமல் விடக் கூடாது என்று காட்ட. இன்டர்வியூவுக்கு வயதுவந்தவர்களோடு சட்டத்தரணி கூடப் போவதற்கு லீகல் எயிட் பொதுவாகக் காசு கொடுப்பதில்லை என்பதால், அதற்கு முந்திய வாக்குமூலமே உயிர்நாடி. வாக்குமூலத்தில் இல்லாத ஒன்றை அப்பீலில் புதிதாகச் சொன்னால், இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி நம்பகத்தன்மையையே அரித்துவிடும்.

தழும்புகளின் கதையும் இதே மாதிரித்தான். சூடான கம்பியால் சுட்ட தழும்புகளைக் காட்டிய ஒரு தமிழரிடம், மயக்கமருந்து கொடுக்கச் சொல்லி அந்தத் தழும்புகளை நீயே வேறொருவரைக் கொண்டு போடுவித்திருக்கலாம் என்று தீர்ப்பாயம் சொல்லி நிராகரித்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 மார்ச்சில்தான் அந்த முடிவு தள்ளப்பட்டு மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்டது. சித்திரவதை ஆவணப்படுத்தலுக்கான இஸ்தான்புல் நெறிமுறைப்படி மருத்துவர் எழுதிய அறிக்கைதான் அதன் மையம். அப்படி ஒரு அறிக்கை எடுக்க முதலில் ஒரு சட்டத்தரணி, தகுந்த மருத்துவருக்கோ ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளுக்கோ எழுத வேண்டும். காசு கொடுத்து எடுப்பதென்றால் லீகல் எயிட் ஏஜென்சியின் அனுமதி வாங்க வேண்டும். தனியாளாக நின்று இதைச் செய்து முடிப்பவர் அபூர்வம்.

தஞ்சம் தவிர்ந்த குடிவரவு விஷயங்களில் நிலைமை வேறு மாதிரி மோசம். குடும்ப வாழ்க்கையைக் காட்டி விசா கேட்பது, விசா நீட்டிப்பது, பிள்ளைக்குக் குடியுரிமை, அகதி அந்தஸ்து கிடைத்தவர் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுவது எல்லாமே 2013இல் வெளியே தள்ளப்பட்டன. (அகதிகளின் குடும்பத்தைக் கூப்பிடும் அந்த வழிக்குப் புது விண்ணப்பம் எடுப்பதையே 2025 செப்டெம்பரில் நிறுத்திவிட்டார்கள்.) தடுப்பு முகாமில் பிணை கேட்பது, ஆட்கடத்தலுக்கு உள்ளானவர் என்று முதற்கட்டமாக ஏற்கப்பட்டவரின் விஷயம், துணைவிசாவில் வந்து வீட்டு வன்முறைக்கு உள்ளானவரின் நிரந்தர வதிவிட விண்ணப்பம் ஆகியவை உள்ளேயே இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது நம் பெண்கள் பலருக்குத் தெரிவதில்லை. கணவன் விசாவை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டினால் வாய் மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அதற்கு லீகல் எயிட்டில் சட்டத்தரணி உண்டு. தனியாக வந்த சிறுவர்களின் குடிவரவு விஷயங்களை நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2019இல் திரும்ப உள்ளே எடுத்தார்கள்.

வெளியே தள்ளியதற்கு ஒரு பாதுகாப்பு வால்வும் வைத்தார்கள். சட்ட உதவி இல்லாவிட்டால் மனித உரிமை மீறப்படும் என்று காட்டினால், விதிவிலக்காக நிதி கேட்கலாம். வருடத்துக்கு 5,000 முதல் 7,000 விண்ணப்பம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் வருடத்தில் வந்தவை ஏறத்தாழ 1,500. கிடைத்தவை எழுபதுக்கும் குறைவு. லீகல் எயிட் வேண்டும் என்று கேட்பதற்கே ஒரு சட்டத்தரணி வேண்டும், அந்த வேலைக்குக் காசும் விண்ணப்பம் வென்றால்தான். 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இவ்வளவு இறுக்கம் சட்டப்படி பிழை என்று சொன்ன பிறகு கை தளர்ந்தது. இப்போது குடிவரவு விஷயங்களில் இந்த விண்ணப்பங்கள் பெரும்பாலும் வெல்கின்றன. ஆனால் வென்று நிதி கிடைத்த பிறகும் அதே பழைய கேள்வி: கேஸை எடுக்க யார் இருக்கிறார்கள்?

தடுப்பு முகாம்களில் முப்பது நிமிட இலவச ஆலோசனைத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஹார்மொன்ஸ்வேர்த், கோல்ன்புரூக், புரூக் ஹவுஸ் போன்ற இடங்களில் பெயர் கொடுத்தால் முறைப்படி ஒரு சட்டத்தரணி வருவார் அல்லது போனில் பேசுவார். மொழிபெயர்ப்பும் சேர்த்து முப்பது நிமிடம். அதற்குள் அவர் கேஸை எடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தண்டனைக் காலம் முடிந்தும் குடிவரவுக் காரணத்துக்காகச் சிறையிலேயே வைக்கப்பட்டவர்களுக்கு இதுகூட இருக்கவில்லை. 2021இல் உயர் நீதிமன்றம் அது பாகுபாடு என்று சொன்ன பிறகுதான் தொலைபேசி வழியாக வந்தது.

சட்டத்தரணி எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு டியேகோ கார்சியா போதும். 2021 ஒக்டோபரில் படகு பழுதாகி, பிரித்தானிய ஆளுகையில் இருந்த அந்த இந்து சமுத்திரத் தீவில் இறக்கப்பட்ட தமிழர்கள் மூன்று வருடத்துக்கு மேல் வேலியடைத்த கூடாரங்களில் கிடந்தார்கள். அமெரிக்கப் படைத்தளம் இருப்பதால் நீதிமன்றம் அங்கே கூடுவதற்கே 2024இல் முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. லண்டனில் இருந்து தொலைபேசியில் அறிவுறுத்தல் எடுத்து வழக்கு நடத்தியவர்கள் இல்லாவிட்டால், அது சட்டவிரோதத் தடுப்பு என்று 2024 டிசம்பரில் அந்த ஆள்புலத்தின் நீதிபதி சொன்ன தீர்ப்பு வந்திருக்காது. பெரும்பாலானோர் அந்த மாதமே பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

முறையான ஆள் கிடைக்காத இடத்தில் முறையற்ற ஆள் வந்து உட்காருவார். "கேஸ் எழுதிக் கொடுக்கிறவர்" என்று நம் சமூகத்தில் ஒரு தொழிலே உண்டு. ஒருவருடைய கதையைப் பெயர் மாற்றி இன்னொருவருக்குக் கொடுப்பது, வென்ற ஒரு கேஸின் நகலை ஐந்து பேருக்கு விற்பது என்று நடக்கிறது. ஹோம் ஆபிஸிடம் பழைய கேஸ்கள் எல்லாம் இருக்கின்றன என்பதை இவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. உண்மையான சித்திரவதைக் கதை உள்ளவர்கூட இரவல் கதையோடு போய்ப் பொய்யர் என்ற முத்திரையோடு வெளியே வருவதுதான் இதில் கொடுமை. தகுதியும் பதிவும் இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது, இலவசமாகச் சொன்னாலும், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டு வருடம் வரை சிறை. ஒருவர் பதிவு பெற்றவரா என்று இமிக்ரேஷன் அட்வைஸ் ஒதோரிட்டியின் பட்டியலில் யாரும் பார்க்கலாம், ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்த அமைப்புதான் 2025 ஜனவரியில் பெயர் மாறியது. பதிவிலும் மூன்று படிகள்: முதற்படிக்காரர் படிவம் நிரப்பலாம், தஞ்சக் கேஸ் எடுக்க இரண்டாம் படி வேண்டும், தீர்ப்பாயத்தில் நிற்க மூன்றாம் படி. லீகல் எயிட்டில் கேஸ் நடத்துபவர் அதற்கு மேலே உங்களிடம் தனியாகக் காசு கேட்கக் கூடாது. கேட்டால் அது முறைகேடு.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. டங்கன் லூயிஸ் என்ற சட்ட நிறுவனம் 2024இல் கூலி விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன பிறகு, அப்போது நீதி அமைச்சராக இருந்த ஷபானா மஹ்மூத் கட்டணத்தை உயர்த்த ஒப்புக்கொண்டார். 2025இல் வந்த முடிவின்படி மணிக்கூலி லண்டனில் 69.30 பவுணும் வெளியே 65.35 பவுணும். குடிவரவு வேலைகளுக்கு மொத்தத்தில் சுமார் 30 சதவீத உயர்வு. முப்பது வருடத்துக்குப் பிறகு வந்த முதல் உயர்வு என்பதால் வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதே முப்பது வருட விலைவாசியோடு வைத்துப் பார்த்தால் இது பாதித் தூரம்கூட இல்லை. மூடிய அலுவலகங்கள் இதற்காகத் திரும்பத் திறக்கும் என்று நான் நம்பவில்லை. இருப்பவை மூடாமல் இருந்தாலே பெரிய காரியம்.

அதே மஹ்மூத் 2025 செப்டெம்பரில் உள்துறைக்கு மாறி, நவம்பரில் தஞ்ச முறையையே தலைகீழாக்கும் திட்டத்தை வெளியிட்டார். அகதி அந்தஸ்து இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை மீள்பரிசீலிக்கப்படும். நிரந்தர வதிவிடத்துக்கு இருபது வருடம். தீர்ப்பாயத்துக்குப் பதிலாக அப்பீல்களைக் கேட்க ஒரு புதிய அமைப்பு, ஆரம்பத்திலேயே சட்ட ஆலோசனை என்ற வாக்குறுதியோடு. இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் தன் கேஸை மறுபடி நிறுவ வேண்டும் என்றால் அதற்கான சட்ட வேலையும் அத்தனை மடங்காகும். அந்த வேலையை யார் செய்வார்கள் என்பதற்கு 30 சதவீத உயர்வில் பதில் இல்லை.

இதற்கிடையில் நிராகரிப்புக் கடிதம் கையில் வைத்திருப்பவருக்குச் சில நடைமுறை விஷயங்கள். நாட்டுக்குள் இருப்பவர் அப்பீல் போடப் பதினான்கு நாள். சட்டத்தரணி தேடுகிறேன் என்று அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். சட்டத்தரணி இல்லாமலே அப்பீலைப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் தேடலாம். ஏற்கெனவே இருக்கும் லீகல் எயிட் சட்டத்தரணி, வெல்லும் சாத்தியம் ஐம்பது சதவீதத்துக்குக் குறைவு, அதனால் அப்பீலுக்கு வரமாட்டேன் என்று சொன்னால், அந்தக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சி.டபிள்யூ.4 என்ற படிவத்தில் அந்த முடிவை மீளாய்வு செய்யும்படி லீகல் எயிட் ஏஜென்சியிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அந்தப் படிவத்தைத் தர வேண்டியது சட்டத்தரணியின் கடமை. ஆளை மாற்றுவதென்றால் பழைய கோப்பை முழுமையாகக் கேட்டு வாங்குங்கள். அது உங்களுடையது. ஹோம் ஆபிஸ் உங்களைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளையும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இலவசமாகக் கேட்டுப் பெறலாம். முதல் இன்டர்வியூவில் நீங்கள் சொன்னதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். புதிய சட்டத்தரணி முதலில் கேட்பதும் அந்தப் பக்கங்களைத்தான்.